பெயர் மாறிய பொங்கலும் பதினொரு பட்டாக்களும்

பழைய செய்தித்தாளில் கட்டி, வாழைநார் சுற்றிய ஒரு பொட்டலம். பிரித்தால் வெள்ளை எள், வெல்லத் துண்டுகள், வறுத்த நிலக்கடலை, கொப்பரைச் சீவல். எள் வாசனையோடு கொஞ்சம் டீசல் வாசனையும் அடித்தது. ஜவளகிரியிலிருந்து தளி வழியாக ஓசூர் வரும் பஸ்ஸில், டிரைவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வந்த பொட்டலம் அது.

கொண்டுவந்தவர் கண்டக்டர் திம்மராயன். நான் வேலை பார்த்த அலுவலகத் தாழ்வாரத்தில் நின்றுகொண்டு, காக்கிச் சட்டைப் பையில் கரும்புத் துண்டு ஒன்றைச் செருகியபடி சொன்னார்.

“டைப்பம்மா, நஞ்சம்மா குடுத்தனுப்பிச்சுது. சங்கராந்தி எள்ளு பெல்லா. கூடவே ஒரு சேதி. நீங்க சொன்னபடியே பதினோரு வீட்டுப் பட்டாவையும் இன்னிக்குச் சாயங்காலம் கிச்சுல போட்டுடறாங்களாம். புதுப் பேர் போட்ட பட்டா வாங்க என்னிக்கு வரணும்னு கேட்டு வரச் சொன்னாங்க.”

வாயில் போட்ட எள் அப்படியே நின்றுவிட்டது. கிச்சு என்றால் நெருப்பு. சங்கராந்தி மாலையில் கன்னடம் பேசும் ஊர்களில் ஊர் முகப்பில் வைக்கோலைப் பரப்பிக் கொளுத்தி, மாடுகளை அதன்மேல் தாண்ட விடுவார்கள். அந்த நெருப்பில் பதினொரு குடும்பங்களின் வீட்டுமனைப் பட்டா போகப்போகிறது. போடச் சொன்னது நானாம்.

அன்று என்ன நாள்?

சென்ற வாரம் தளி ரோட்டில் யானை பஸ்ஸை மறித்த கதையை எழுதியிருந்தேன். “அம்மா, எல்லாவற்றுக்கும் ஒரு வருஷம், தேதி போடக்கூடாதா?” என்று கிருஷ்ணகிரியிலிருந்து ஒரு வாசகர் கடிதம் போட்டிருக்கிறார். யானை தேதி சொல்லிக்கொண்டு வரவில்லை ஐயா. ஆனால் இந்த வாரக் கதைக்குத் தேதி கேட்கவே வேண்டாம். நம் மாநிலத்துக்குத் தமிழ்நாடு என்று பெயர் வந்த பொங்கல் நாள். வருஷத்தைப் பள்ளிக்கூடப் பிள்ளைகளைக் கேட்டாலே சொல்லிவிடுவார்கள்.

அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. ஓசூரில் ஒரு சர்க்கார் அலுவலகத்தில் தற்காலிகத் தமிழ் டைப்பிஸ்ட். எந்த அலுவலகம் என்று சொல்ல மாட்டேன். அங்கே இருந்தவர்களின் பேரப்பிள்ளைகள் இன்னும் ஊரில் இருக்கிறார்கள், எதற்கு வம்பு? இன்று கம்பெனி பஸ்கள் வரிசை கட்டி நிற்கும் இடத்தில் அன்று கேழ்வரகுக் கொல்லை. எங்கள் வீட்டிலிருந்து அலுவலகம் வரை நடந்தால் நான்கு பாஷை காதில் விழும்: தமிழ், தெலுங்கு, கன்னடம், உருது. சண்டை மட்டும் எல்லோரும் தமிழில்தான் போடுவார்கள் என்று அம்மா சொல்வாள்.

அன்று காலை விடுமுறையிலும் எங்களை வரச் சொல்லியிருந்தார்கள். கொடியேற்றினார்கள். புதுப் பெயரை அதிகாரி உரக்கச் சொன்னார், நாங்கள் திருப்பிச் சொன்னோம். எனக்கு உடம்பு சிலிர்த்தது. இத்தனை நாள் ஒரு நகரத்தின் பெயரைத் தூக்கி மாநிலத்தின் தலையில் வைத்திருந்தார்கள்; இனி எங்கள் எல்லைக்கும் சேர்த்து ஒரு பெயர். பியூன் தெலுங்குக்காரர். எல்லோரையும்விட அவர்தான் சத்தமாகச் சொன்னார். கேசரி கொடுத்தார்கள். அந்தக் கேசரி தின்று கழுவிய கை ஈரம் காய்வதற்குள்தான் திம்மராயன் வந்து நின்றார்.

வாய் சும்மா இருக்காது

என் வாயைப் பற்றி இந்தத் தொடர் படிப்பவர்களுக்குத் தெரியும். கன்னியர் மடத்துப் பள்ளியில் படித்தபோதே, “லூர்துவுக்கு மூளை ஒரு அடி நடப்பதற்குள் நாக்கு ஒரு மைல் ஓடிவிடும்” என்று டீச்சர் என் அம்மாவைக் கூப்பிட்டுச் சொன்னார்.

பொங்கலுக்கு ஒரு வாரம் முன்பு நடந்தது இது. அலுவலக மூலையில் ‘சென்னை மாநிலம்’ என்று அச்சடித்த படிவங்கள் இடுப்பளவு உயரத்துக்குக் கட்டுக் கட்டாகக் கிடந்தன. தபால் பை கொடுக்க வந்த திம்மராயன் அதைப் பார்த்துவிட்டு, “பேர் மாறப்போகுதாமே, இதையெல்லாம் என்னா பண்ணுவீங்க?” என்று கேட்டார்.

நான் டைப் அடிப்பதை நிறுத்தாமலே சொன்னேன்: “பழைய பேர் போட்ட காகிதமெல்லாம் போகிக்குத்தான். எல்லாம் தீயில போட்டுட்டு, புதுசு குடுத்துடுவாங்க.”

அவ்வளவுதான். விளையாட்டு. அவரும் சிரித்துவிட்டுப் போனார். தளியில் இறங்கிய யாரிடமோ சொல்லியிருக்கிறார். ஜவளகிரி போய்ச் சேர்வதற்குள் அது சர்க்கார் உத்தரவாகிவிட்டது.

இதைக் கேட்டு யாராவது நம்புவார்களா என்று நீங்கள் கேட்கலாம். எங்கள் பக்கத்தில் நம்புவார்கள். அதற்குச் சில வருஷம் முன்புதான் நாங்கள் சேலம் ஜில்லாவிலிருந்து பிரிந்து தருமபுரி ஜில்லாவுக்கு வந்தோம். அப்போது நஞ்சம்மா ஊர்க்காரர்களுடைய பழைய ரேஷன் கார்டுகளை வாங்கி, கண்ணெதிரே கிழித்துப் போட்டுவிட்டுத்தான் புதுக் கார்டு கொடுத்தார்கள். பெயர் மாறினால் காகிதம் மாறும், பழையது கையில் இருந்தால் புதியது வராது. இது அவர்கள் பட்டுத் தெரிந்துகொண்ட பாடம். போதாததற்குச் சொன்னது ‘டைப்பம்மா’.

தகரப் பெட்டி

நஞ்சம்மா ஜவளகிரிக்கு அப்பால் காட்டோரச் சிற்றூரில் இருந்தாள். முப்பது வயதுக்காரி, கூலிவேலை. புருஷன் பர்கூர்ப் பக்கம் கல் உடைக்கப் போனவன், எப்போதாவதுதான் வருவான். அவள் பேசுவது கன்னடமும் தமிழும் கலந்த பேச்சு. எது முடிந்து எது தொடங்குகிறது என்று அவளுக்கே தெரியாது.

அந்தப் பதினொரு குடும்பமும் பக்கத்துப் பண்ணைக்காரரின் கொல்லை ஓரத்தில் குடிசை போட்டிருந்தவர்கள். கூலி அதிகம் கேட்டால் குடிசையைப் பிரி என்பார் அவர். பக்கத்திலேயே சர்க்கார் புறம்போக்கு சும்மா கிடந்தது. அதில் மனை கேட்டு மனு கொடுக்க வந்தவர்களில் முன்னால் நின்றவள் நஞ்சம்மா. அந்த மனுவை எழுதி அடித்துக் கொடுத்தது நான். மனுவில் முதல் கைநாட்டு அவளுடையது. இரண்டு வருஷம் நடையாய் நடந்தார்கள். கடைசியில் பட்டா வந்த அன்று, “இது இருக்கிற வரைக்கும்தான் உங்க ஆட்டம்” என்று பண்ணைக்காரர் சொன்னாராம்.

ஊரில் தகரப் பெட்டி இருந்தது நஞ்சம்மா வீட்டில் மட்டும். அதனால் பதினொரு பட்டாவும் அவள் பெட்டியில். எலியும் மழையும் நெருங்காமல் அத்தனை பத்திரமாக வைத்திருந்தாள்.

எனக்குப் பெரிய கவலை வேறொரு விஷயம். ஜில்லா பிரிந்த குழப்பம் இன்னும் தீராததால், அந்த மனைகளின் பதிவேடு சேலத்துக்கும் தருமபுரிக்கும் நடுவே எங்கோ போய் இன்னும் திரும்பி வரவில்லை. ஆக, அந்தப் பதினொரு காகிதம்தான் அவர்கள் கையில் இருந்த ஒரே ஆதாரம். எரிந்தால் போச்சு.

மூன்று மணி பஸ்

“நான் விளையாட்டுக்குச் சொன்னேங்க, எரிக்க வேணாம்னு போய்ச் சொல்லுங்க” என்று திம்மராயனிடம் சொல்லியிருக்கலாம். மூன்று மணிக்கு அவர் பஸ் திரும்புகிறது. ஆனால் வாய்வார்த்தை செய்த வேலையை அப்போதுதான் பார்த்திருந்தேன். இன்னொரு வாய்வார்த்தையை அதே பஸ்ஸில் ஏற்றிவிட எனக்கு மனமில்லை. நானே போவது என்று தீர்மானித்தேன்.

வீட்டில் அம்மா அப்போதுதான் பொங்கலை இறக்கி, சிலுவைப் படத்துக்கு முன்னால் வைத்திருந்தாள். சமாச்சாரத்தைச் சொன்னேன். அவள் தலையில் கை வைத்துக்கொண்டு உட்காருவாள் என்று நினைத்தேன். அவள் எழுந்து பானையை ஒரு துணியில் கட்டினாள்.

“காட்டுப் பக்கம் வயசுப் பொண்ணு தனியா போவியா? நட. நுணலும் தன் வாயால் கெடும்னு சும்மாவா சொன்னாங்க? இந்த நுணல் பதினோரு வீட்டையும் சேத்துல்ல கெடுத்துடுச்சு.”

வழியெல்லாம் திட்டினாள். தவளை என்று நேராகச் சொல்லாமல் நுணல் என்று இலக்கணமாகத் திட்டியதில் பஸ்ஸில் யாருக்கும் புரியவில்லை. அது ஒன்றுதான் ஆறுதல்.

பண்டிகை நாளில் பஸ் ஓடுமா? ஊர்ந்தது. ஒவ்வொரு ஊரிலும் நிறுத்தி, முன்னால் மாவிலையும் கரும்பும் கட்டி, தேங்காய் உடைத்தார்கள். தளியில் பஸ்ஸுக்கே கற்பூரம் காட்டினார்கள். திம்மராயனுக்கு இப்போது விஷயம் தெரிந்துவிட்டதால் முகம் சுண்டிப்போயிருந்தது.

“நான் ஒண்ணும் கூட்டிச் சொல்லலீங்க டைப்பம்மா. நீங்க சொன்னதைத்தான் சொன்னேன்.”

“உங்க மேல தப்பு இல்லீங்க” என்றேன். இல்லைதான். ஆனாலும் அடுத்த ஊரில் தேங்காய் உடைக்கக் கை காட்டியவர்களை அவர் கன்னடத்தில் ஒரு அதட்டு அதட்டி, நிற்காமல் விசில் கொடுத்தார். நான்கு மைலுக்கு அந்த விசில் வாயைவிட்டு இறங்கவில்லை.

வைக்கோல் பற்றிய நேரம்

நாங்கள் இறங்கி நடந்து போய்ச் சேர்ந்தபோது சூரியன் மரங்களுக்குப் பின்னால் இறங்கிக்கொண்டிருந்தது. ஊர் முகப்பில் வைக்கோல் எரிந்துகொண்டிருந்தது. கொம்பில் மஞ்சளும் சிவப்பும் பூசிய ஒரு காளை அப்போதுதான் தாண்டி ஓடியது. குழந்தைகள் கூச்சல் போட்டார்கள். தீக்கு இந்தப் பக்கம் நஞ்சம்மா நின்றிருந்தாள், காலடியில் தகரப் பெட்டி திறந்து கிடந்தது.

என்னைப் பார்த்ததும் அவள் முகம் மலர்ந்ததை இப்போது நினைத்தாலும் எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

“டைப்பம்மா பந்துபிட்டரு! பாருங்க, அவங்களே வந்துட்டாங்க!” என்று ஊரைக் கூப்பிட்டாள். “வா தாயீ. மீதியை உன் கையாலயே போடு.”

“மீதியா?”

“என்னுது மட்டும் போட்டுட்டேன். மத்தவங்களுக்கு பயம். டைப்பம்மா சொன்னா எதுக்கு பயம்னு நான் மொதல்ல போட்டுக் காட்டினேன்.”

நான் பெட்டியைப் பார்த்தேன். மஞ்சள் துணி மேல் பத்து காகிதம் இருந்தது.

பொய் சொல்லலாம் என்று ஒரு கணம் தோன்றியது உண்மை. ‘உத்தரவு மாறிவிட்டது’ என்றால் யார் கேட்கப் போகிறார்கள்? ஆனால் அம்மா என் முதுகில் ஒரு விரலை வைத்து அழுத்தினாள். நான் எல்லோர் முன்னாலும் சொன்னேன்.

“உத்தரவு எதுவும் இல்லீங்க. நான் விளையாட்டுக்குச் சொன்னது. பழைய பேர் போட்ட பட்டா செல்லும். எரிக்கக் கூடாது. தப்பு என்னுது.”

இரண்டாவது காளையைப் பிடித்திருந்தவர் கயிற்றை விடாமல் நின்றார். நஞ்சம்மா தீயையும் என்னையும் பார்த்தாள். பிறகு குனிந்து பெட்டியை மூடி, கொண்டி போட்டாள்.

அவள் திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். திட்டவில்லை. மடியிலிருந்து ஒரு பிடி எள்ளும் வெல்லமும் எடுத்து என் உள்ளங்கையில் வைத்தாள். சங்கராந்தியன்று அதைக் கொடுக்கும்போது எல்லோரும் வழக்கமாகச் சொல்வதைத்தான் அவளும் சொன்னாள். “எள்ளு பெல்லா தின்னு, ஒள்ளே மாத்தாடு.” எள்ளும் வெல்லமும் தின்று நல்ல பேச்சுப் பேசு என்று அர்த்தம். எனக்கு அழுகை வந்துவிட்டது.

அம்மாதான் முன்னால் வந்தாள். “ஏம்மா நஞ்சம்மா, என் பொண்ணு வாயால கெடுத்தது. அவ கையால சரி பண்ணுவா. அதுக்கு நான் பொறுப்பு. இப்ப பொங்கல் ஆறுது, தட்டு எடு.”

நான்கு எல்லை

பஸ் இரவு ஜவளகிரியிலேயே தங்கிவிடும்; நாங்களும் நஞ்சம்மா வீட்டிலேயே தங்கினோம். மறுநாள் காலை அது கிளம்புவதற்குள் ஊரே நஞ்சம்மா வீட்டு வாசலில் கூடிவிட்டது. மற்ற பத்துப் பேருக்கும் இப்போது சந்தேகம், எங்களுடையது நிஜமாகவே செல்லுமா என்று. ஆளுக்கொரு பட்டாவை நீட்டி, “படிச்சுச் சொல்லுங்க” என்றார்கள். என் வாய் செய்த வேலைக்கு இது நியாயமான தண்டனைதான் என்று ஒவ்வொன்றாக உரக்கப் படித்தேன்.

மூன்றாவது பட்டா மாதேவியுடையது. பெயர், மனை அளவு, பிறகு நான்கு எல்லை. வடக்கே பாதை. தெற்கே ஓடை. கிழக்கே இன்னொருவர். “மேற்கே நஞ்சம்மா மனை.”

நான் நிறுத்திவிட்டு அந்த வரியை மறுபடி படித்தேன். பிறகு மற்றதையெல்லாம் தள்ளிவிட்டு நஞ்சம்மாவுக்கு அந்தப் பக்கத்து வீட்டுக்காரரான முனியப்பாவின் பட்டாவைத் தேடினேன். “கிழக்கே நஞ்சம்மா மனை.” வடக்கே அதே பாதை, தெற்கே அதே ஓடை. அவள் காகிதம் சாம்பலாகிவிட்டது. ஆனால் அக்கம்பக்கத்தார் காகிதத்தில் அவள் மனை நான்கு பக்கமும் அப்படியே நின்றது.

“நஞ்சம்மா, உன் பட்டா எரியல. இவங்க ரெண்டு பேர் பெட்டியில... இல்ல, உன் பெட்டியிலயேதான் இருக்குது!” என்று கத்தினேன். மாதேவியையும் முனியப்பாவையும் பட்டாவோடு கையோடு கூட்டிக்கொண்டு பஸ் ஏறினேன். நஞ்சம்மாவும் வந்தாள்; அலுவலகம் திறக்கும் வரை மூன்று பேரும் எங்கள் வீட்டில்தான் இருந்தார்கள்.

திருநெல்வேலிச் சிரிப்பு

எங்கள் அதிகாரி திருநெல்வேலிக்காரர். கோபக்காரர், ஆனால் நேரான மனுஷர். விடுமுறை முடிந்து அலுவலகம் திறந்ததும், நான் அடித்துவைத்த மனுவை அவர் மேஜையில் வைத்தேன். பட்டா எப்படி எரிந்தது என்ற இடத்தில் ‘டைப்பிஸ்ட் லூர்துமேரி பொறுப்பில்லாமல் பேசியதால்’ என்று நானே அடித்திருந்தேன்.

அவர் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

“ஏம்மா, நீ என்ன சோலி பாத்திருக்கேன்னு தெரியுதா? நான் நெனச்சா இன்னைக்கே ஒன்ன வீட்டுக்கு அனுப்பலாம்.”

“தெரியும் சார். இந்தப் பட்டாவை அடிச்சுக் குடுத்துட்டுப் போறேன். வேற யார் அடிச்சாலும் நாலு நாள் ஆகும்.”

அது திமிர்தான். வேலை போனால் வீட்டில் கஷ்டம் என்று தெரிந்தே சொன்னேன். அவர் என்னையே பார்த்தார். பிறகு சிரித்துவிட்டார். அந்த அலுவலகத்தில் அவர் சிரித்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

சிரித்தாலும் சும்மா கையெழுத்துப் போடவில்லை. தானே ஜீப்பில் போய் இடத்தைப் பார்த்தார். நல்லவேளை போனார். சேதி பண்ணைக்காரர் காதுக்கு எட்டி, நஞ்சம்மா வீட்டு வாசலில் அதற்குள் நான்கு வேலிக்கல் வந்து இறங்கியிருந்தது. அதிகாரி இரண்டு பட்டாக்களையும் கையில் வைத்துக்கொண்டு, பாதைக்கும் ஓடைக்கும் நடுவே சங்கிலி பிடித்து அளக்கச் சொன்னார். மனை சரியாக வந்தது. கல்லை இன்றைக்கே எடுங்கள் என்று பண்ணைக்காரரிடம் மூன்றே வார்த்தையில் சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறினாராம்.

முதல் காகிதம்

புதுப் படிவம் இன்னும் அச்சாகி வரவில்லை. பழைய படிவத்தையே இயந்திரத்தில் ஏற்றி, ‘சென்னை மாநிலம்’ என்ற எழுத்துகளின் மேல் குறுக்கே அடித்து மறைத்தேன். அதற்கு மேல் ‘தமிழ்நாடு’ என்று அடித்தேன். எங்கள் அலுவலகத்தில் அந்தப் பெயரில் வெளியே போன முதல் பட்டா அதுதான், காட்டோரத்தில் கன்னடம் பேசும் ஒரு கூலிக்காரியின் வீட்டுமனைக்கு. அடிக்கும்போது எனக்கு இருந்த பெருமையைக் கொடியேற்றும்போதுகூட நான் அடையவில்லை.

நஞ்சம்மா வந்து வாங்கினாள். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். முத்திரையை விரலால் தடவினாள்.

“இதை வெச்சுக்கறதா, எரிக்கறதா?”

“வெச்சுக்கணும் நஞ்சம்மா. எந்தக் காலத்துலயும் எரிக்கக் கூடாது.”

“வாயால சொல்லாதே தாயீ” என்றாள். “அடிச்சுக் குடு.”

அவள் விளையாடவில்லை. நான் ஒரு துண்டுச் சீட்டை இயந்திரத்தில் ஏற்றி, ‘மாநிலத்தின் பெயர் எத்தனை முறை மாறினாலும் இந்தப் பட்டாவை எரிக்கக் கூடாது’ என்று அடித்து, கீழே கையெழுத்துப் போட்டேன். அந்த வழியாகப் போன அதிகாரி எட்டிப் பார்த்தார். ஒன்றும் கேட்காமல் முத்திரையை எடுத்து அந்தச் சீட்டிலும் ஒன்று குத்திவிட்டுப் போனார்.

நஞ்சம்மா சீட்டை என்னை இரண்டு முறை படிக்க வைத்தாள். பட்டாவோடு சேர்த்துக் குண்டூசி குத்தச் சொன்னாள். மடித்து இடுப்பில் செருகிக்கொண்ட பிறகுதான் சிரித்தாள்.

“அன்னிக்கு எள்ளு பெல்லா தின்னே. நல்ல பேச்சு இன்னிக்குத்தான் வந்துச்சு” என்று சொல்லிவிட்டு, மூன்று மணி பஸ்ஸுக்கு நடந்தாள்.